இங்கிலீசுக்கு ஒரு சீ

ரெண்டாயிரத்து ஆறாம் வருசத்து மழையைப் பற்றிச் சின்னம்மா பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்தமாட்டாள். குருவிட்டப் பக்கம் மழை ஒன்றும் புதுசில்லை. ஆனால் அந்த வருசம் வைகாசியில் பிடித்த மழை, யாரோ சொல்லி அனுப்பினது மாதிரி விடியற்காலை பார்த்தே வந்தது. ரப்பர் காட்டில் விடியற்காலை மழை பெய்தால் அன்றைக்குப் பால் வெட்டு இல்லை. பட்டை ஈரமாக இருந்தால் பால் சிரட்டையில் இறங்காது. மரமெல்லாம் வழிந்து வீணாகப் போகும். நாவலகந்தத் தோட்டத்துச் சனம் கோழி கூவுவதற்கு முன்னாலேயே எழுந்து, வாசலில் நின்று உள்ளங்கையை வெளியே நீட்டிப் பார்க்கும். துளி விழுந்தால் திரும்பவும் போய்ப் படுக்கும். படுத்தாலும் தூக்கம் வராது. வெட்டில்லாத நாளைக்குப் பேரும் விழாது, சம்பளமும் இல்லை.

ஆனால் அப்படிப்பட்ட நாட்களில்தான் வீட்டில் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாயத்தண்ணி என்கிற வெறுந்தேநீர் குடித்தார்கள். அதை நினைத்தால் சின்னம்மாவுக்கு இப்போதும் நெஞ்சு நிறையும். அவள் புருசன் கன்னையாவுக்கு ரப்பர் ஸ்டோரில் புகைக்கூடத்து வேலை. ஆள் வீடு வருவதற்கு முன்னாலேயே சட்டையிலிருந்து ரப்பர் புகை வாசம் வந்துவிடும். மழை நாளில் ஸ்டோரிலும் வேலை குறைவு. அடுப்படியில் குந்திக்கொண்டு ரொட்டி தட்டிப் போடுவார். மகள் சுகந்தினி அம்மியில் இருக்கும் கட்டச் சம்பலை ஒரு விரலால் தொட்டு நக்கிக்கொண்டே கடைக் கதை சொல்வாள்.

கடை என்றால் குருவிட்ட டவுனில் மஹ்ரூப் ஹாஜியாரின் மாணிக்கக் கடை. சுகந்தினி இரத்தினபுரிக்குப் பஸ்ஸில் போய் உயர்தரம் படித்தவள். மூன்று பாடமும் பாஸ். கெம்பஸில் படிக்க மட்டும் வெட்டுப்புள்ளிக்கு மார்க் போதவில்லை. "புள்ளைக்குத் தோட்டத்து வேலைக்குப் பேர் பதியலையா?" என்று கணக்கப்பிள்ளை கன்னையாவிடம் கேட்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்து ஹாஜியார் கடைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கல்லைப் படம் பிடித்து இன்டர்நெட்டில் போட வேண்டும். வெளிநாட்டுக்காரர் கேட்கிற கேள்விக்கு அகராதியைப் பார்த்தாவது பதில் அடிக்க வேண்டும். டவுனில் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்திருந்த சுகந்தினி அந்த வேலைக்குப் போனாள்.

"டெலிபோன்ல லைன் புடிக்கிறப்ப ஒரு சத்தம் வரும்மா. பூனக்குட்டிய வாளிக்குள்ள போட்டு மூடுன மாதிரி. அது நின்னிச்சின்னா உலகம் முழுக்க வந்துரும்."

"உலகம் வந்து என்னா செய்யிது?"

"இந்தக் கல்லு நெறம் ஏற சூடு காட்டுனதா, காட்டாததான்னு கேக்குது."

கன்னையா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி சிரிப்பார். "சூடு காட்டுனது இங்க இருக்கு, வந்து திங்கச் சொல்லு."

அந்தச் சிரிப்பு ஆனி மாசத்தோடு நின்றது.

வெளிநாட்டில் ஒருவன் படத்தைப் பார்த்து ஒரு நீலக்கல்லைக் கேட்டான். அனுப்பினார்கள். கொஞ்ச நாளில், படத்தில் பார்த்தது மாதிரி இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டான். பொட்டலம் வந்த அன்றைக்கு மஹ்ரூப் ஹாஜியார் வியாபாரத்துக்குப் பேருவளைக்குப் போயிருந்தார். கடையைப் பார்த்துக்கொண்டது கொழும்பிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பி நுஹ்மான். பிரித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது வேறு கல். பூமியில் விளையாமல் அடுப்பில் செய்த கல்.

நுஹ்மான் முதலில் திரும்பிப் பார்த்தது கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பிள்ளையைத்தான். அன்று பின்னேரமே பொலிசைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்து வீடுகள் ஒட்டி ஒட்டி வரிசையாக இருக்கும் லயத்துக்கு வந்தார். எல்லாரும் வேலை முடிந்து வந்து கை கால் கழுவுகிற நேரம். அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். சுகந்தினியின் பெட்டியைக் கொட்டினார்கள். சின்னம்மா, பால் காய்ந்து கறுத்த வேலைப் பாவாடையோடு சுவரோரம் நின்றாள். ஒன்றும் கிடைக்கவில்லை. நுஹ்மானுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. லயத்துக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "இந்தக் கள்ளிதான் மாத்தினா. எங்க ஒளிச்சிருக்கான்னு கண்டுபிடிப்பேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஹாஜியார் பேருவளையிலிருந்து திரும்பி வந்ததும் நேரே பொலிசுக்குப் போனார். "பொட்டலம் கட்டி அரக்கு வெச்சது நான். அந்தப் புள்ள அதத் தொடவும் இல்ல" என்றார். அதோடு பொலிஸ் விசயம் முடிந்தது. கள்ளி என்ற அந்தச் சொல் முடியவில்லை. பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனால் சும்மா நின்ற பேச்சும் சின்னம்மாவைக் கண்டு நின்றது மாதிரித் தோன்றும். கன்னையா புகைக்கூடத்தை விட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார்.

அடுத்த கிழமை சுகந்தினி தலை சீவிக்கொண்டு வேலைக்குப் புறப்பட்டாள்.

"எங்க போற?" என்றார் கன்னையா.

"கடைக்குப்பா."

"அங்கயா?"

"நான் போகலன்னா, எடுத்ததாலதான் வரலன்னு ஆயிரும்."

அதற்குப் பிறகு வெகுநாள் அவர் மகளோடு நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதை அடுப்பைப் பார்த்துச் சொல்வார்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாயும் மகளும் பீலியில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது. கல்லை மாற்றி அனுப்பின வெளிநாட்டுக்காரன் மேல் வழக்குப் போட ஹாஜியார் இரத்தினபுரியில் ஒரு லோயரைப் பார்க்கப் போனபோது, வந்த போன கடிதங்களையெல்லாம் எடுத்துக்கொண்டு சுகந்தினியும் போயிருந்தாள்.

"லோயர் ஐயா எல்லாத்தயும் பாத்துட்டு சிரிச்சாரும்மா."

"சிரிக்க என்னா இருக்கு அதுல?"

"கல்லு போனது ஒரு நாட்டுக்கு. அந்தாளு கம்பெனி பதிஞ்சிருக்கிறது இன்னொரு நாட்டுல. படம் இருந்த கம்ப்யூட்டர் எங்க இருக்குன்னே யாருக்கும் தெரியாது. எந்த நாட்டுக் கோட்டுல, எந்த உசாவியில வழக்கு வெக்கச் சொல்றீங்கன்னு கேட்டாரு. அதப் படிச்சவங்க இரத்தினபுரியில ஒருத்தரும் இல்லயாம்."

"கொழும்புல?"

"அங்கயும் இப்பதான் படிப்பிக்கவே ஆரம்பிச்சிருக்காங்களாம்." சுகந்தினி அப்பாவின் சட்டையைப் பிழிந்து உதறினாள். "நான் அதப் படிக்கப் போறேம்மா."

சின்னம்மா சவுக்காரத்தைக் கல்லின் மேல் வைத்தாள். "அதுக்குப் பேரு என்னா?"

"சர்வதேசச் சட்டமும் டிஜிட்டல் பொருளாதாரமும்."

"திரும்ப சொல்லு."

திரும்பச் சொன்னாள். சின்னம்மா ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பாதியில் நாக்குச் சிக்கிக்கொண்டது. "ரயிலு பொட்டி மாதிரில்ல நீளமா போகுது" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். பொலிஸ் வந்துபோன பிறகு அவர்கள் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றோடு சேர்ந்து கொழும்பில் நடத்தும் கொலேஜ் அது. ரெண்டு வருசப் படிப்பு. கட்டணம் தன் பொறுப்பு என்று ஹாஜியார் சொல்லியிருந்தார். தம்பி செய்ததற்குப் பரிகாரமா, நாளைக்குக் கடைக்கு ஒரு ஆள் வேண்டும் என்பதாலா என்று யாரும் கேட்கவில்லை. சேர்வதற்கு உயர்தரத்தில் மூன்று பாஸ் வேண்டும். அது இருந்தது. அதற்கு முந்தின சாதாரண தரப் பரீட்சையில் இங்கிலீசுக்குச் சீ என்ற தரம் வேண்டும். அதுதான் இல்லை. சுகந்தினிக்கு எஸ். வெறும் பாஸ்.

"எஸ்ஸுக்கும் சீக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டாள் சின்னம்மா.

"கொஞ்சந்தாம்மா. மார்கழியில திரும்ப எழுதலாம்."

"உங்கப்பாவுக்கு?"

"அப்பாவுக்கு நீங்கதாம்மா சொல்லணும்."

சின்னம்மா சொன்னாள். கன்னையா விறகை உள்ளே தள்ளிவிட்டு, "எழுதட்டும். எழுதுறதுக்கா பொலிசு வரப் போகுது" என்று அடுப்பிடம் சொன்னார்.

அந்தப் புரட்டாசி ஐப்பசி ஞாயிறுகளைச் சின்னம்மா மறக்கமாட்டாள். மழை தப்பினால் ஞாயிற்றுக்கிழமையும் வெட்டு இருந்தது. அம்மாவுக்குக் கைகொடுக்கச் சுகந்தினியும் மலைக்கு வருவாள். சின்னம்மா முன்னால் மரம் மரமாக வெட்டிக்கொண்டு போவாள். பட்டையை மயிரிழைக்குச் சீவ வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், மேலாகப் போனால் பால் வராது. மகள் பின்னால், பட்டையில் காய்ந்து ஒட்டின ஒட்டுப்பாலை உரித்துப் பையில் போட்டுக்கொண்டே, பாடமாக்கின இங்கிலீசை உரக்கச் சொல்லிக்கொண்டு வருவாள். அட்டைப் பூச்சி காலில் ஏறினால்கூட அந்த வாக்கியத்தை முடித்துவிட்டுத்தான் குனிவாள். காட்டுக்குள் அந்தக் குரல் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்குப் போவது மாதிரி இருக்கும்.

பக்கத்து நிரையில் வெட்டிய மூக்காயி ஒரு நாள் கத்தியை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "என்னாடி, மரத்துக்கு இங்கிலீசு சொல்லிக் குடுக்கிறியா? நாளைக்கு அது தொரகிட்டப் போயி சம்பள உயர்வு கேக்கப் போகுது."

"கேட்டா நமக்கும் சேத்துத்தானேக்கா கேக்கும்" என்றாள் சுகந்தினி. பொலிஸ் வந்த அன்றைக்குப் பிறகு மூக்காயி அவர்களோடு வாய்திறந்து பேசினது அதுதான் முதல் தடவை. பால் நிறுக்கிற இடத்துக்கு அன்று மூன்று பேரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

மார்கழியில், குருவிட்டப் பள்ளிக்கூடத்தில், வெள்ளைச் சீருடைப் பிள்ளைகளுக்கு நடுவில் பாவாடை சட்டையோடு உட்கார்ந்து எழுதினாள். ஒரு பையன் அவளை டீச்சர் என்று நினைத்து எழுந்து நின்றானாம். சித்திரை கழிந்துதான் முடிவு வந்தது. கடைக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துவிட்டு, ஹாஜியாரிடம் சொல்லிக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் மலைக்கு ஓடி வந்தாள். சின்னம்மாவும் மூக்காயியும் வாளியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"சீ" என்றாள் மூச்சு வாங்க.

"என்னாத்துக்குடி எங்களப் பாத்து சீங்குற?" என்றாள் மூக்காயி.

சின்னம்மாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. வாளியை மெதுவாகக் கீழே வைத்தாள். கையெல்லாம் பால். தொட்டால் பிள்ளையின் சட்டை கெட்டுவிடும் என்று கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு நின்றாள். சுகந்தினி அப்படியே வந்து கட்டிக்கொண்டாள்.

நேர்முகத்துக்குத் தாயும் மகளும் கொழும்புக்குப் போனார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே சின்னம்மா உட்கார்ந்திருந்தாள். உள்ளே பேசினது முழுக்க இங்கிலீசு. அவளுக்குக் 'குருவிட்ட' என்ற ஒரு சொல் மட்டும் இரண்டு தடவை பிடிபட்டது. கடைசியில் நேர்முகம் செய்த நோனா, ஒரு சிங்களப் பெண்மணி, கதவைத் திறந்து அவளையும் உள்ளே கூப்பிட்டார். சிங்களத்தில் பேசினார். நல்ல மனுசி.

"பிள்ளை நல்லாப் பேசினாள், அம்மா. எனக்கு எடுக்க ஆசை. இங்கே எங்கே தங்குவாள்?"

"ஒரு இடம் பாக்கணும், நோனா."

"இந்த யுத்த காலத்தில் அப்படி முடியாதே. தமிழ்ப் பிள்ளை. கொழும்பில் ஒரு வீட்டு விலாசம் வேண்டும். இவள் அங்கே தங்குகிறாள் என்று அந்த வீட்டுக்காரர் பொலிசில் பதிந்த துண்டு வேண்டும். அது இல்லாமல் நான் எடுத்து, நாளைக்கு ரோட்டில் பிடித்துக்கொண்டு போனால் யார் பொறுப்பு?"

பஸ்ஸில் திரும்பி வரும்போது தெரிந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராக எண்ணிப் பார்த்தார்கள். தெரிந்தவர் யாருக்கும் கொழும்பில் வீடு இல்லை. ஹோட்டல் வேலைக்குப் போன தோட்டத்துப் பையன்களெல்லாம் கடையிலேயே படுக்கிறவர்கள்.

விசயத்தைக் கேட்ட ஹாஜியார் சொன்னாராம்: "ஒரு ஊடு ஈக்கிது. தெமட்டகொடையில. தம்பிட ஊடு. அவன்ட பொஞ்சாதி றஹீமா நல்ல மாதிரி, ரெண்டு பொம்புளப் புள்ளயளும் ஈக்கி. நான் கேட்டா மாட்டேன்னு செல்லமாட்டா."

அதை வீட்டில் சொன்ன அன்றைக்குத்தான் கன்னையா ஒரு வருசத்துக்குப் பிறகு மகளின் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"கள்ளின்னு சொன்னவன் வீட்டுல போயி நீ சோறு திம்பியா?"

"அப்பா, படிக்கத்தானே..."

"படிப்பு நல்லதுதான். நான் வேணாங்கல. அந்தக் கொலேஜுக்காரங்க சேத்துக்கிறதுக்கு இது வேணும், அது வேணுமுன்னு கேக்குறாங்கல்ல. எல்லாத்தயும் தேடிக் குடுத்த. எனக்கும் ஒன்னு வேணும். அந்த ஆளு வந்து சொன்ன வார்த்தைய திருப்பி எடுக்கணும். எடுத்தா போ. இல்லாட்டி தோட்டத்துல பேர் பதி. நம்ம வீட்டுல நீ ராசாத்தியா இரு."

சுகந்தினி அழுதாள். சின்னம்மா மகள் பக்கம் பேசப் போனாள். புருசனின் முகத்தைப் பார்த்ததும் பொலிஸ் வந்த நாள் ஞாபகம் வந்தது. அன்று கவிழ்த்துக் கொட்டின அரிசியைத் தரையிலிருந்து கையால் அள்ளினது அவர்தான். அவர் கேட்பது நியாயமாகத்தான் பட்டது. ஆனால் ஒரு முதலாளி மலையேறி வந்து கூலிக்காரனிடம் அப்படிச் சொன்னதாக அவள் பிறந்த நாளிலிருந்து கேள்விப்பட்டதில்லை.

ஆடி பிறந்தது. மழை விட்டு, நல்ல வெட்டு. ஒரு நாள் பால் எடுக்கிற நேரம், சரிவில் யாரோ சப்பாத்து வழுக்கி வழுக்கி ஏறி வருவதைச் சின்னம்மா பார்த்தாள். வெள்ளைச் சட்டை, கையில் மடக்கின குடை. நுஹ்மான்.

"அம்மா, என்ன நெனவு ஈக்கா?"

"மறக்குமா, முதலாளி."

அவர் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "ஹாஜியார் நானாவும் ஏசினாரு. றஹீமா ஏசவும் இல்ல. ஒரு மாசமா சோத்த வெச்சிட்டுப் போறா, பேச்சு இல்ல. நம்மட புள்ளயள ஒருத்தன் அப்புடி சென்னா நீங்க என்ன செய்வீங்கன்டு ஒரே ஒரு தரம் கேட்டா." குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "நான் சென்னது பிழ, அம்மா. மன்னிச்சிக்கோங்க."

சின்னம்மா சிரட்டையை வாளியில் கவிழ்த்து, ஒட்டியிருந்ததை விரலால் வழித்துவிட்டு, திரும்ப மரத்தில் மாட்டினாள்.

"எங்கிட்ட இங்க சொல்லி என்னா பண்றது, முதலாளி? நீங்க அத இங்க நின்னு சொல்லலயே. லயத்துக்கு முன்னால நின்னு சொன்னீங்க. அங்கயே போயி சொல்லிருங்க."

"எல்லாரும் ஈக்கிற இடத்திலயா?"

"ஆமாங்க. ஆனா இப்பப் போகாதீங்க. லயத்துல யாருமில்ல. பால் நிறுத்துட்டு எல்லாரும் வரணும். கொஞ்சம் இருங்க."

அவர் இருந்தார். அவள் மரம் மரமாகப் பால் எடுத்து முடிக்கும் வரை பின்னாலேயே வந்தார். கடைசி மரத்தில் இரண்டு வாளியும் நிறைந்தன. ஒன்றைத் தூக்கக் குனிந்தார்.

"வேணாம் முதலாளி. சட்டையில பட்டா போகாது."

"போகாட்டி பரவால்ல" என்று தூக்கினார். தூக்கத் தெரியவில்லை. ஸ்டோருக்கு வருவதற்குள் வெள்ளைக் காற்சட்டையின் ஒரு பக்கம் முழுக்கப் பால் சிந்திவிட்டது. நிறுக்கிற இடத்தில் நின்ற பெண்களெல்லாம் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

லயத்துக்கு முன்னால் அன்றைக்கு வராத ஆள் இல்லை. மூக்காயி அடுப்பில் வைத்ததை இறக்கிவிட்டு வந்தாள். கன்னையா வாசற்படியில் நின்றார். சுகந்தினி கடையிலிருந்து வந்து, அப்பாவுக்குப் பின்னால் நின்றாள்.

நுஹ்மான் சத்தமாகவே சொன்னார். "நான் இந்த இடத்தில நின்டு இந்தப் புள்ளயக் கள்ளின்டு சென்னேன். அது பொய். புள்ள ஒன்டும் எடுக்கல. எனக்கு ஆத்திரத்தில கண் தெரியல. நான் சென்னத்த நீங்க எல்லாரும் கேட்டீங்க. இதயும் கேட்டுக்கோங்க."

கன்னையா கேட்டார். "அவ ஒங்க வீட்டுல இருக்கிறப்ப ஒரு பொருள் காணாமப் போகும். வீடுன்னா போகும். அப்ப என்னா செய்வீங்க?"

நுஹ்மான் யோசித்தார். அப்படி யோசித்ததுதான் கன்னையாவுக்குப் பிடித்திருந்தது என்று பிறகு சின்னம்மாவிடம் சொன்னார்.

"என்ட ரெண்டு புள்ளயளக் கேக்கிற மாதிரிக் கேப்பேன். அவங்களக் கேக்கிறத்துக்கு மிச்சமா ஒரு சொல்லும் கேக்க மாட்டேன்."

கன்னையா படியிலிருந்து விலகி நின்றார். "வெயில்ல நிக்காதீங்க முதலாளி. உள்ள வந்து சாயம் குடிங்க."

சுகந்தினி தெமட்டகொடை வீட்டிலிருந்து ரெண்டு வருசம் படித்து முடித்தாள். ரெண்டாயிரத்து ஒன்பதில் கொழும்பிலேயே ஒரு லோயர் கந்தோரில் வேலைக்குச் சேர்ந்தாள். நீலக்கல் போனது போனதுதான். றஹீமாவுக்குச் சின்னம்மா இன்றைக்கும் பலாக்காய் காலத்தில் பஸ்ஸில் ஆள் பிடித்துப் பலாக்காய் அனுப்புகிறாள். ஆனால் சின்னம்மா இந்தக் கதையைச் சொல்லும்போது அவ்வளவு தூரத்துக்குப் போகமாட்டாள். மகளைக் கொண்டுபோய் விடப் போன அன்றைக்கு, பஸ்ஸிலேயே நிறுத்திவிடுவாள்.

புரட்டாசி மாசம். முதல் பஸ். சுகந்தினியின் மடியில் உடுப்புப் பை, சின்னம்மாவின் மடியில் றஹீமா வீட்டுக்கு ஒரு சாக்கு மரவள்ளிக் கிழங்கு. கன்னையா பஸ் புறப்படும் வரை யன்னலுக்குக் கீழே நின்றார். மகளிடம், "மழக்காலம். தல நனையாம இரு" என்று மட்டும் சொன்னார்.

ஹங்வெல்லை தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பேர் இருந்தவர்களை இறக்கி ஓரமாக நிறுத்தினார்கள். இறங்கினது அவர்கள் இரண்டு பேர்தான். பஸ்ஸில் இருந்த சனம் முழுக்க யன்னலால் பார்த்தது. சிப்பாய்க்குச் சுகந்தினி வயதுதான் இருக்கும். கிழங்குச் சாக்கைக் கம்பியால் குத்திப் பார்த்தான். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எங்கே போறே?" சிங்களத்தில்தான் கேட்டான்.

"படிக்க."

"என்ன படிக்க?"

சுகந்தினி படிப்பின் பேரை இங்கிலீசில் முழுசாகச் சொன்னாள். அவன் முகம் சுருங்கியது. விளங்காத ஒன்றைக் கேட்ட கோபம் அவன் கண்ணில் வருவதைச் சின்னம்மா கண்டாள். அவன் அவள் பக்கம் திரும்பி, "என்ன சொல்றா இவ?" என்றான்.

சின்னம்மாவுக்கு அந்த நீளமான பேர் கடைசிவரை வாயில் நுழையவில்லை. ஆனால் அவளுக்குச் சிங்களம் தெரியும். சிங்களத்தில் சட்டத்துக்கும் நீதி என்றுதான் சொல்வார்கள்.

"நீதி படிக்கப் போறா, மாத்தையா" என்றாள். "என் மகள்."

அவன் சுகந்தினியைப் பார்த்தான். சாக்கைப் பார்த்தான். அட்டைகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சின்னம்மாவின் கையில் கொடுத்து, ஏறச் சொல்லித் தலையை ஆட்டினான்.

பஸ் புறப்பட்டது. பக்கத்துச் சீட்டில் இருந்த சிங்களத்து மனுசி கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். சுகந்தினி யன்னலோரம் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கொழும்பு வரும்வரை சின்னம்மா தான் சொன்ன அந்த இரண்டு வார்த்தையையும், நீதியையும் மகளையும், மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள்.